ஒரு சிலிண்டர், பதினான்கு சுமை விறகு

வெப்பவியல் பாடம் நடத்தும்போது நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் போடும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு விறகு வேண்டும், எவ்வளவு காஸ் வேண்டும் என்பதே அது. நீங்களும் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

தண்ணீரின் தன்வெப்பம் கிலோவுக்கு 4.2 கிலோ ஜூல் என்பது உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் குடத்துத் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அது 100 டிகிரியை எட்ட 70 டிகிரி ஏறவேண்டும். 4.2-ஐ 70-ஆல் பெருக்கினால் 294. ஆக, ஒரு லிட்டர் தண்ணீருக்குள் 294 கிலோ ஜூல் வெப்பம் போய்ச் சேரவேண்டும்.

சமையல் எரிவாயு ஒரு கிராம் எரிந்தால் ஏறக்குறைய 46 கிலோ ஜூல் வெப்பம் தரும். நன்கு காய்ந்த விறகு ஒரு கிராம் தருவது 16 கிலோ ஜூல். இதை மட்டும் பார்த்தால் காஸ் விறகைப் போல மூன்று மடங்குதான் என்று தோன்றும். ஆனால் எரிவதெல்லாம் பாத்திரத்துக்குள் போவதில்லையே! மூன்று கல் வைத்த அடுப்பில் நூறு பங்கு வெப்பத்தில் 10 முதல் 15 பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. மீதியெல்லாம் கல்லையும் சுவரையும் சமைப்பவரையும் சூடாக்கி, புகையோடு கூரை வழியே போய்விடுகிறது. காஸ் அடுப்பிலோ வீட்டில் நாம் புழங்கும் விதத்தில் 60 பங்காவது பாத்திரத்துக்குள் போகும். விறகுக்கு 12 விழுக்காடு, காஸுக்கு 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கக் காஸ் 11 கிராம் போதும். விறகு 150 கிராமுக்கு மேல் வேண்டும். இந்த விகிதப்படி 14.2 கிலோ காஸ் உள்ள ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய ஏறத்தாழ 204 கிலோ விறகு தேவை.

2025 ஏப்ரலில் சென்னையில் ஒரு சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. அதை 204-ஆல் வகுத்தால் நாலேகால் ரூபாய். அதாவது விறகு கிலோ நாலேகால் ரூபாய்க்கு மேல் விற்கும் இடத்தில் காஸ்தான் மலிவு! இந்த முடிவைக் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டுத் திரும்புவது என் வழக்கம்.

அந்த ஆண்டு ஜூலையில் அப்படித் திரும்பியபோது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். குத்தம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். "சார், நாங்க வெறகு வாங்குறதே இல்லையே. ஏரிக்கரையிலயிருந்து வெட்டிக்கிட்டு வர்றோம். அதுக்கு என்ன வெல போடுறது?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் போட்ட கணக்கில் ஒரு வரியே விட்டுப்போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. விறகின் விலை பூஜ்யமானால், காஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கணக்கில் விறகை வெல்ல முடியாதே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குத்தம்பாக்கம் போனேன். பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசையையும் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வருகிற ஊர் அது. வேதிப் பொறியியல் படித்த இளங்கோ ரங்கசாமி 1996 முதல் இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்து, கிராமத்துக்கு வேண்டியதைக் கிராமத்திலேயே செய்துகொள்ளலாம் என்று பேசியும் செய்தும் காட்டியதால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர்தான். நான் போனது தலைவரைப் பார்க்க அல்ல. ஓர் அடுப்பைப் பார்க்க.

வீட்டின் பின்புறம் தகரம் போட்ட சிறிய சாய்ப்பு. அதில் ஒரு மண் அடுப்பு. பக்கத்தில் கொடி அடுப்பு. உலை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே, கூடத்தின் மூலையில், இரண்டு பர்னர் வைத்த காஸ் அடுப்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதன் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தார்கள். கீழே சிலிண்டர்.

"வாங்க சார், உக்காருங்க. காஸு தீந்து போயி இருவது நாளாவுது. டீக்கு மட்டுந்தான் அதுல வெப்போம். சோறு, வெந்நீரு எல்லாம் இதுலதான்" என்றார் அவளுடைய தாயார், ஊதாங்குழலைக் கீழே வைத்தபடி. அவருக்கு என் வயதுதான் இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு முறை இருமினேன், அவர் இருமவில்லை. பழகிவிட்டது என்றார். உடம்பு பழகிக்கொள்கிறது என்பது வேறு, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பது வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

புகை என்பது எரியாத எரிபொருள்

விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில் விறகு நேரே எரிவதில்லை. இருநூறு, முந்நூறு டிகிரி சூட்டில் கட்டை சிதைந்து பலவகை ஆவிகளை வெளியிடுகிறது. காய்ந்த கட்டையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி ஆவியாகப் போய்விடும். நாம் காணும் சுடர் இந்த ஆவிகள் எரிவதால் உண்டாவது. மிஞ்சுவது கரி, அது சுடரின்றிக் கனன்று எரியும்.

இந்த ஆவிகள் முழுதும் எரிய மூன்று வேண்டும்: போதிய காற்று, போதிய சூடு, இரண்டும் கலக்கப் போதிய நேரம். மண் அடுப்பில் மூன்றுமே குறைவு. ஆவி ஓரிடத்தில் கிளம்புகிறது, காற்று வேறிடத்தில் நுழைகிறது. இரண்டும் சந்திப்பதற்குள் பாத்திரத்தின் குளிர்ந்த அடிப்பாகம் குறுக்கே வந்துவிடுகிறது. எரியாமல் தப்பியவையே புகைத் துகள்களும், கார்பன் மோனாக்சைடும், கண்ணைக் கரிக்கும் பிற வாயுக்களும். விறகு ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2260 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். மழைக்காலத்தில் வெட்டிய வேலிகாத்தான் கட்டை தன் வெப்பத்தில் ஒரு பங்கைத் தன் ஈரத்தைப் போக்கவே செலவழித்துவிடுகிறது.

(வேலிகாத்தான் என்பது திருவள்ளூர்ப் பக்கத்து வழக்கு. தெற்கே சீமைக்கருவேல் என்பார்கள். ஏரியையும் குளத்தையும் கெடுக்கிறது என்று எல்லோரும் திட்டுகிற அந்த மரந்தான் எத்தனையோ வீடுகளில் சோறாக்குகிறது.)

இனி காஸ் அடுப்பைப் பாருங்கள். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. இவை அழுத்தத்துக்கு எளிதில் பணிந்து, சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாகிவிடும். மீத்தேன் அப்படிப் பணியாது. மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால்தான் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகும். வீட்டுக்கு வீடு சிலிண்டரில் வைத்துக் கொடுக்கப் புரோப்பேனும் பியூட்டேனும் தேர்ந்தெடுக்கப்பட்டது இதனால்தான். 14.2 கிலோ திரவம் ஏறக்குறைய 26 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். சிலிண்டரின் கொள்ளளவோ 33 லிட்டர். மீதி இடம் வேண்டுமென்றே காலியாக விடப்படுகிறது. வெயிலில் திரவம் விரிந்தால் போக இடம் வேண்டாமா? ரெகுலேட்டரைத் திறந்ததும் திரவத்தின் மேலுள்ள ஆவி வெளியே வருகிறது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாகப் பெருகும்.

அந்த வாயு ஒரு மெல்லிய துளை வழியே வேகமாகப் பாயும்போது பக்கத்திலுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துப் புன்சன் அடுப்பின் தத்துவமே இது. ஒரு பங்கு புரோப்பேன் முழுதும் எரிய 24 பங்கு காற்று வேண்டும்; பியூட்டேனுக்கு 31 பங்கு. அதில் ஒரு பகுதி எரியுமுன்பே கலந்துவிடுகிறது, மீதியைச் சுடர் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே சுடர் நீலமாக இருக்கிறது. மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை, கரித்துகள் உண்டாகிறது என்று பொருள்; பர்னரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்த வாயுக்கள் இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர்போலப் பரவும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிடுங்கள். மின்விளக்கின் ஸ்விட்சைத் தொடவேண்டாம். அந்த நாற்றமே வாயுவின் சொந்த நாற்றம் அல்ல, கசிவை நாம் அறியும் பொருட்டுச் சேர்க்கப்படுவது.

இடுப்பில் கட்டிய கருவி

சமையலறைப் புகையை அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. நெடுங்காலம் அது ஒரு செய்தியாகவே இல்லை. தொழிற்சாலைப் புகைபோக்கியை அளக்கக் கருவிகள் இருந்தன. அடுப்பங்கரைக்கு யார் கருவி கொண்டு போவார்கள்? கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய இந்திய நண்பர்களும் 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே சிறிய கருவியைக் கட்டி, அவர்கள் மூச்சில் போகும் காற்றை அளந்தார்கள். 1983-இல் வெளியான அந்த முடிவுகள் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன. பெருநகரச் சாலைகளில்கூடக் காணாத அளவு புகை அந்தச் சிறு அறைகளில் இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்தது. அதுவும் குத்தம்பாக்கத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்திலிருந்து. அங்கே கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு தமிழகக் கிராமங்களில் 436 வீடுகளில் காற்றை அளந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டது. விறகு முதலியவை எரியும் வீடுகளில் சமைக்கும் வேளையில், மூச்சில் உள்ளே போகக்கூடிய நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம்வரை இருந்தது. சமையலில் ஈடுபடாதவர்களும் தப்பவில்லை. புகைக்கு அறைக் கதவு தெரியுமா என்ன?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் வேண்டுமல்லவா? 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகள், ஆண்டுச் சராசரியில், ஒரு கன மீட்டரில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வரையறை. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத இந்தத் துகள்களை மூக்கு மயிர் தடுக்காது. அவை நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்விடும். நாட்பட்ட மூச்சுத்தடை நோய், இதயநோய், கண்புரை, குழந்தைகளின் நிமோனியா ஆகியவற்றோடு அடுப்புப் புகைக்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் வீட்டுப் புகையின் காரணமாக இறந்தனர் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு.

அரசாங்கம் என்ன செய்தது?

புகை கெடுதல் என்று தெரிந்ததும் இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, அடுப்பைத் திருத்துவது. புகையில்லா அடுப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980-களில் மத்திய அரசு நாடெங்கும் இலட்சக்கணக்கில் கட்டிக்கொடுத்தது. சில ஆண்டுகளில் குழாய் உடைந்தது, அடுப்பு வாய் பெரிய பாத்திரத்துக்குப் போதவில்லை, திருத்த ஆள் இல்லை. 2002-இல் அந்தத் திட்டம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டு அடங்கிப்போனது. ஓர் அடுப்பைக் கட்டுவது ஒரு நாள் வேலை, காப்பது எந்நாளும் உள்ள வேலை.

இரண்டாவது வழி எரிபொருளையே மாற்றுவது. 1965-இல் கல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. நான் சிறுவனாயிருந்தபோது காஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதுவரை கிருஷ்ணாயில் ஸ்டவ்தான். திரி தூண்டுவது என் வேலை. காஸ் வந்த வீடு வசதியான வீடு என்று பொருள். இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். அரசு காஸ் விலையைக் குறைத்து மானியம் கொடுத்தது. ஆனால் காஸ் இருந்தது வசதியானவர்களிடம். ஆகவே மானியம் அவர்களுக்கே போயிற்று. விறகு சுமக்கும் வீட்டுக்கு ஒரு காசும் போகவில்லை. 2012 செப்டம்பர்வரை இதற்கு வரம்பே இல்லை. அதன் பிறகுதான் ஆண்டுக்கு இத்தனை சிலிண்டர் என்று கட்டுப்பாடு வந்தது. 2015-இல் வசதியுள்ளவர்கள் தாமாகவே மானியத்தை விட்டுக்கொடுக்கும்படி அரசு கேட்டபோது ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் விட்டுக்கொடுத்தார்கள். நானும் அதில் ஒருவன். பெருமையாகச் சொல்லவில்லை, அத்தனை ஆண்டுகள் வாங்கியதைச் சொல்கிறேன்.

ஏழை வீட்டுக்கு இணைப்பையே இலவசமாகக் கொடுக்கும் எண்ணம் தெற்கில்தான் முந்தியது. ஆந்திரத்தில் 1999-இல் 'தீபம்' என்ற திட்டம் தொடங்கியது. தமிழக அரசு 2007-இல் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்பும் அடுப்பும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. நாடு முழுமைக்குமான உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கி, 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகளை எட்டியது. பின்னர் 2021-இல் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 83 வீடுகள் தூய எரிபொருளில் சமைத்தன. இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 59 வீடுகள்.

இணைப்பு கிடைத்துவிட்டது. எரிந்ததா? உஜ்வலா வீடுகள் 2019-20-இல் சராசரியாக ஆண்டுக்கு 3 சிலிண்டர் வாங்கின. 2024-25-இல் ஏறக்குறைய நாலரை. முழுச் சமையலுக்கும் எத்தனை வேண்டும்? அதைத்தான் என் மாணவி அளந்தாள்.

வில் தராசு போட்ட கணக்கு

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வில் தராசை எடுத்துக்கொண்டு போனாள். காஸ் தீர்ந்திருந்த காலமாதலால் முழுச் சமையலும் விறகில்தான். நான்கு வாரம் எடை போட்டாள். அவள் தாயார் வாரத்துக்கு இரண்டு சுமை கொண்டுவருகிறார். ஒரு சுமை 15 கிலோ. போய், வெட்டி, முள் கழித்து, கட்டி, சுமந்து வர மூன்று மணி நேரம். ஆக வாரத்துக்கு 30 கிலோ எரிகிறது. 204-ஐ 30-ஆல் வகுத்தால் 6.8 வாரம், அதாவது 48 நாள். அந்த வீட்டில் ஒரு சிலிண்டர் முழுச் சமையலுக்கு 48 நாள் வரும். ஆண்டுக்கு 7 அல்லது 8 சிலிண்டர் வேண்டும். நாலரை வாங்கும் வீட்டில் மீதிச் சமையல் எதில் நடக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு சிலிண்டர் என்பது பதினான்கு சுமை. பதினான்கு சுமை என்பது 42 மணி நேரம். 868 ரூபாய் 50 காசை 42-ஆல் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய் 70 காசு. அந்த நேரத்தில் அதற்கு மேல் சம்பாதிக்க முடிந்தால் காஸ் வாங்குவதே இலாபம். கணக்கு சரிதான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்று மணி நேர வேலைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? விற்க முடியாத நேரத்துக்கு விலை போடுவது எப்படி? இதற்கு என் பௌதிகத்தில் விடை இல்லை.

மானியம் இந்த இடத்தில்தான் உதவவேண்டும். 2022 மே முதல் உஜ்வலா வீடுகளுக்குச் சிலிண்டருக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. 2025-26-க்கு ஆண்டில் 9 சிலிண்டர்வரை என்று வரையறுத்தார்கள். அப்படியானால் விலை 568 ரூபாய் 50 காசு, மணிக்கு 13 ரூபாய் 50 காசு. நல்ல குறைப்புதான். ஆனால் இரண்டு சிக்கல்கள். முதலாவது, 2015 முதல் மானியம் வங்கிக் கணக்குக்கே போகிறது. முழு விலையையும் வாசலில் கொடுத்தபின்தான் 300 ரூபாய் கணக்கில் ஏறும். போலி இணைப்புகளை ஒழிக்க இந்த முறை உதவியது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கையில் 568 ரூபாய் மட்டும் உள்ளவருக்குச் சிலிண்டர் கிடைக்காது. 5 கிலோ சிறிய சிலிண்டர் என்று ஒன்று உண்டு. இந்தக் கஷ்டத்துக்காகவே அதையும் உஜ்வலாவில் சேர்த்தார்கள். அதை நம் பக்கம் எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள்?

இரண்டாவது சிக்கல் எனக்குப் புதிது. "பக்கத்து ஊட்டுக்கு முந்நூறு ரூபா வருது சார், எங்களுக்கு வர்றதில்ல" என்றார் தாயார். காரணம் என்ன? இவர்களுடைய இணைப்பு பாட்டியின் பெயரில் உள்ளது. தமிழக அரசின் பழைய இலவசத் திட்டத்தில் வந்தது. உஜ்வலாவோ இணைப்பே இல்லாத வீடுகளுக்கானது. முன்பே இணைப்பு உள்ள வீடு அதில் சேர முடியாது. சேராத வீட்டுக்கு 300 ரூபாய் கிடையாது. முதலில் முந்திக்கொண்ட மாநிலத்தின் ஏழை வீடு, முந்தியதாலேயே பின்தங்கி நிற்கிறது! இரண்டு வீடும் ஒரே ஏரிக்கரையில்தான் விறகு வெட்டுகின்றன.

இலவசமாகவே கொடுத்தால்?

காஸ் கொடுத்தாலும் கிராமத்துப் பெண்கள் பழக்கத்தை விடமாட்டார்கள், விறகுச் சோற்றின் ருசி வேறு என்று சொல்வோர் உண்டு. இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். தமிழ்நாடு, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில் 3200 கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து 'ஹாப்பின்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில் அதே போரூர்க் குழுவினர் நடத்தினர். பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் 18 மாதத்துக்குக் காஸும் இலவசமாக வீட்டுக்கே வந்தன. மறுபாதி வழக்கம்போல விறகில் சமைத்தனர். என்ன நடந்தது? காஸ் கிடைத்தவர்கள் ஏறக்குறைய முழுதும் காஸிலேயே சமைத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியது; விறகு வீடுகளில் 71. ஆகவே தடை ருசி அல்ல, ரூபாய்.

ஆனால் விஞ்ஞானம் நாம் விரும்பும் விடையை மட்டும் தருவதில்லை. புகை குறைந்ததால் குழந்தைகள் கூடுதல் எடையோடு பிறப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தபோது இரு தரப்புக் குழந்தைகளின் எடையிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நிமோனியாவிலும் அப்படியே. ஏன்? பெண்கள் ஆய்வில் சேரும்போதே கர்ப்பம் சில மாதம் கடந்திருந்தது ஒரு காரணமாகலாம். 24 என்பதும் 5-ஐப் போல ஐந்து மடங்கு. பக்கத்து வீட்டு அடுப்பும் எரியும் குப்பையும் விடும் புகை, காஸ் வைத்த வீட்டுக்குள்ளும் வருகிறது. பல நோய்களில் புகைக்கும் கெடுதலுக்கும் உள்ள தொடர்பு நேர்கோடாக இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். வரைபடம் போட்டால் தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்து படுக்கும் வளைகோடு. உயரத்தில் இருப்பவர் பாதி இறங்கினாலும் கெடுதல் பாதியாகாது. அடிவாரத்துக்கு வந்தால்தான் முழுப் பயன். அப்படியானால் நாலரை சிலிண்டர் வாங்கி மீதியை விறகில் சமைக்கும் வீட்டின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். தெருவில் ஒரு வீடு மட்டும் மாறினால் போதுமா என்பதும் அதே கேள்விதான்.

காஸுக்கு மாற்று இல்லையா என்று கேட்பீர்கள். இந்தியா தன் சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. வளைகுடாவில் விலை ஏறினால் குத்தம்பாக்கத்தில் உலை மாறும். மின் அடுப்புக்கும் கணக்குப் போட்டேன். மாணவியின் வீட்டுச் சமையலுக்குத் தண்டூண்டல் அடுப்பில், அதாவது இண்டக்ஷன் ஸ்டவ்வில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 2.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 160 யூனிட். 2016-இல் தமிழக அரசு இலவசமாக்கிய இரு மாத 100 யூனிட்டை அவர்களுடைய மின்விசிறியும் டி.வி.யுமே தின்றுவிடுகின்றன. சாணவாயு நல்லதுதான், அதற்கு மாடு வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ விறகு எரிந்தால் நீங்களும் ஒரு வாரம் எடை போடுங்கள். தராசு இல்லையென்றால் மளிகைக் கடையில் கேளுங்கள். யார் சுமந்து வந்தார்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் எழுதுங்கள். காஸ் இருந்தால் சிலிண்டர் வந்த தேதியை அதன் பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் குறித்துவையுங்கள். எத்தனை நாள் வந்தது என்பது தெரிந்துவிடும்.

என் மாணவி அப்படித்தான் செய்தாள். 868 ரூபாய் 50 காசை 48 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 18 ரூபாய் 10 காசு என்று தாயாரிடம் கணக்குச் சொல்லி, ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை அலமாரியில் வைத்தாள். வேலை இருந்த நாளில் அவர் இருபது ரூபாய் போட்டார். இல்லாத நாளில் போடவில்லை. ஒருமுறை அதிலிருந்து எடுத்துப் பஸ் பாஸ் வாங்கும்படி ஆயிற்று. ஆகஸ்டில் வந்த சிலிண்டர் முழுச் சமையலுக்கும் 48 நாள் வரவில்லை, 46 நாள்தான் வந்தது. அடுத்த சிலிண்டருக்குப் பாட்டில் நிறைந்தது 63-ஆம் நாள். இடையிலுள்ள 17 நாளுக்கு ஐந்து சுமை விறகு வந்ததாக அவளுடைய நோட்டில் எழுதியிருக்கிறது. மூன்றாவது சுமையன்று மழை பெய்ததால் கட்டை ஈரம், எடை 19 கிலோ.